முப்பத்து நான்கு மீட்டர் மனைவி

சுபிக்ஷா அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேசையில் தட்டோடு காத்திருந்த பிரதாப்புக்கு அவளுடைய கொண்டை தெரிந்தது. தோசைத் திருப்பியைத் தூக்கும்போதெல்லாம் வளையல் சரிந்து முழங்கைக்கு ஓடுவது தெரிந்தது. கையை நீட்டினால் முந்தானையைத் தொட்டுவிடலாம். ஆனால் அவருடைய மணிக்கட்டில் இருந்த தூரக்காட்டியோ, அவர் மனைவி முப்பத்து நான்கு மீட்டர் தள்ளி இருக்கிறாள் என்று அடித்துச் சொன்னது.

பிரதாப் மணிக்கட்டைத் தட்டினார். உதறினார். வேட்டியில் துடைத்தார். முப்பத்து நான்கு.

அவர்களுடைய வீடே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒன்பது மீட்டர்தான். கிழக்கே முப்பத்து நான்கு மீட்டர் போனால் சுபிக்ஷா மூன்றாவது மாடி உயரத்தில் அந்தரத்தில், மேம்பாலத்து விளக்குக் கம்பத்தின் தலைமேல் நிற்க வேண்டும். மேற்கே போனால் பல் ஆஸ்பத்திரி மொட்டைமாடியின் தண்ணீர்த் தொட்டிக்குள் மிதக்க வேண்டும். தெற்கே போவதாக இருந்தால் அந்த நேரத்துக்கு வரும் தொங்கு ரயிலில் டிரைவர் மடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். இதில் எந்த இடத்திலும் தோசைக்கல் கிடையாது.

"சுபி, நீ எங்க இருக்கற?"

"இங்கதானுங்க. அடுப்புக்கு முன்னால."

"இது முப்பத்திநாலுங்குது."

"சொன்னா சரியாத்தான் இருக்கும். மிஷினுக்கு நம்ம மேல என்ன கோவம்? முறுகலா வேணுமா, மெத்துன்னு வேணுமா?"

முப்பத்து நான்கு மீட்டருக்கு அப்பால் இருந்து வந்த தோசை, தட்டில் விழும்போது புகைந்துகொண்டிருந்தது. பிரதாப்புக்குத் தலை சுற்றியது.

தலை சுற்றாமல் என்ன செய்யும்? அன்று காலைதான் நிர்வாகத்திலிருந்து நோட்டீஸ் வந்திருந்தது. 'தங்கள் இருவருக்கும் இடையிலான சராசரித் தூரம் அனுமதிக்கப்பட்ட பத்து மீட்டரை மீறிவிட்டது. தாங்கள் இருவரும் சேர்ந்து வாழவில்லை என்று கருத இடமிருக்கிறது. வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வரவும். தக்க விளக்கம் தராவிட்டால் வீடு திரும்பப் பெறப்பட்டு, கணவர் கிழக்குத் தொகுதிக்கும் மனைவி மேற்குத் தொகுதிக்கும் மாற்றப்படுவர்.'

அது, உக்கடத்தில் ரயில் ஏறியவன் கொட்டாவி விட்டு வாயை மூடுவதற்குள் ஊட்டியில் இறங்கிவிடும் காலம். தாத்தாக்களுக்கு பிரதாப், ரோஹித், விக்னேஷ் என்றும், பேத்திகளுக்கு யாழ்மொழி, செங்கொடி என்றும் பெயர் இருந்த காலம். கோயம்புத்தூரில் வயசானவர்களின் எண்ணிக்கை கொசுக்களின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது. ஆகவே ஊருக்கு வெளியே வானத்தை இடிக்கிற உயரத்தில் 'இணைவாழ் குடியிருப்பு' கட்டினார்கள். தம்பதிகளுக்கு இரண்டு அறை, அடுப்படி, பால்கனி வைத்த முழு வீடு. தனி ஆளுக்குக் கிழக்கிலோ மேற்கிலோ ஒற்றை அறை.

முழு வீடு என்றதும் ஊரில் பாதிப்பேர் தம்பதிகளாகிவிட்டார்கள். ஒருவர் கனடாவில் மகளோடு போய்ச் செட்டிலாகிவிட்ட மனைவியைக் காட்டி வீடு வாங்கினார். இன்னொருவர் சீட்டாட்டக் கூட்டாளிக்கு விக் வைத்து அழைத்துவந்து கையெழுத்துப் போட வைத்தார். அந்தக் கூட்டாளிக்கு மீசை எடுக்க மனசு வராததால்தான் குட்டு உடைந்தது. நிர்வாகம் விழித்துக்கொண்டு இந்தத் தூரக் கணக்கைக் கொண்டுவந்தது. புருஷனுக்கு மணிக்கட்டில் தூரக்காட்டி. பெண்டாட்டிக்குச் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வில்லை. வில்லையிலிருந்து வரும் அலையைத் தூரக்காட்டி பிடித்து, இருவருக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று நாள் முழுக்கக் கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். இரவு நேரம் மட்டும் கணக்கில் சேராது. அது அந்தரங்கம் என்று நிர்வாகம் பெரிய மனசு பண்ணியிருந்தது.

வில்லையைப் பெண்கள் எங்கே அணிவது என்று குடியிருப்போர் கூட்டத்தில் பேச்சு வந்தது. ஆண்கள் எல்லாரும் ஒரே குரலில், தாலிக்கொடியில் கோத்துக்கொள்ளட்டும், அதைத்தான் கழற்ற மாட்டார்கள் என்றார்கள். பெண்களுக்கும் எண் தெரிகிற மாதிரி ஒன்று கொடுக்கலாமே என்று யாரோ கேட்டதற்கு, அவர்களுக்கு எதற்கு என்று நிர்வாகம் திருப்பிக் கேட்டது. கூட்டம் போண்டாவோடு முடிந்தது.

பிரதாப்புக்கு அந்த எண் முதல் நாளே பிடித்துப்போயிற்று. நூற்பாலையில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்தவர். ஆயுசு முழுக்க நூலைப் பார்க்காமல் நூலை அளக்கும் மீட்டரைப் பார்த்தே வாழ்ந்தவருக்கு, ஓய்வுக்காலத்தில் கடவுளாகப் பார்த்து ஒரு மீட்டரைக் கையில் கட்டிவிட்ட மாதிரி இருந்தது. நான்கு என்றால் சுபிக்ஷா அடுப்படியில். ஆறு என்றால் துணி துவைக்கும் மிஷினருகில். எட்டு என்றால் பால்கனி. பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "சுபி, எட்டுல என்ன பண்ணற? வெயில் அடிக்குதல்ல?" என்பார். அவள் மாடிப்படியில் யாரோடாவது நின்று பேசினால், "பதினாறுக்குப் போயிட்டயே, யாரு அங்க?" என்று குரல் கொடுப்பார். அந்தக் குரல் பதினாறு என்ன, அறுபது மீட்டருக்கும் கேட்கும்.

இப்போது ஒரு மாதமாக அந்த எண்ணுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரிக்கிறபோது முப்பத்து ஒன்று. பால்கனியில் நிற்கிறபோதும் முப்பத்து ஒன்று. குளியலறையில் போய் இவர் நின்றால் நாற்பத்து இரண்டு. முதலில் பாட்டரி என்று நினைத்தார். பிறகு தோஷம் என்று நினைத்தார். ஒரு கட்டத்தில், அடுப்படியில் நிற்பது சுபிக்ஷாதானா என்றே சந்தேகம் வந்து, "நம்ம கல்யாணத்துல பந்தியில என்ன இனிப்பு?" என்று திடீரென்று கேட்டார்.

"கேரட் அல்வா. உங்கொப்பா ரெண்டு தடவை வாங்குனாரு. எதுக்குங்க?"

அவளேதான்.

எதிர்வீட்டு ரோஹித்துக்கு விஷயம் எட்டியதும் குடியிருப்பு முழுவதற்கும் எட்டிவிட்டது. "ஊட்டுக்குள்ளயே உக்காந்துட்டு ஊட்டுக்காரி ஓடிப்போனது ஒலகத்துலயே உனக்குத்தான்யா நடந்திருக்குது பிரதாப்பு!" என்று லிஃப்டில் வைத்துச் சிரித்தார். லிஃப்ட் சிரிப்பைத் தாங்காமல் இரண்டாவது மாடியில் நின்றுவிட்டது. மாலைக்குள் நாலு வீட்டிலிருந்து ஆறுதலாகப் பாயசம் வந்தது. பிரதாப் எல்லாவற்றையும் குடித்துவிட்டு இன்னும் குழம்பினார். வீடு போய்விடும். அதைவிட, நாளைக்குக் காலையில் கண் விழித்தால் ஒற்றை அறை, "முறுகலா, மெத்துன்னா?" என்று கேட்க ஆள் இருக்காது. அதை நினைத்தால் பாயசம் நெஞ்சிலேயே நின்றது.

மறுநாள், அளவைப் பொறியாளர் என்று ஒரு சின்னப் பெண் வந்தாள். பெயர் யாழ்மொழி. முதுகுப் பையில் ஏழெட்டுக் கருவிகள். சுபிக்ஷா அவளை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, அது முடிவதற்குள் முறுக்கும் கொடுத்து, எந்த ஊர் என்பதிலிருந்து எப்போது கல்யாணம் என்பதுவரை கேட்டு முடித்த பிறகுதான் அந்தப் பெண்ணால் பையைத் திறக்க முடிந்தது.

"இது எப்படி கண்ணு தூரத்தைக் கண்டுபுடிக்குது? மொதல்ல அதைச் சொல்லு" என்றார் பிரதாப்.

"நெசத்தைச் சொன்னா, கண்டுபுடிக்கறதில்லைங்க தாத்தா. யூகம் பண்ணுது. வில்லை எப்பவும் ஒரே பலத்துலதான் கூப்பிடும். அந்தக் கூப்பாடு உங்க கைக்கு வந்து சேரும்போது எவ்வளவு மிச்சம் இருக்குதுன்னு இது பாக்கும். பலமாக் கேட்டா ஆளு கிட்ட. மெலிசாக் கேட்டா ஆளு தூரம். அவ்வளவுதான். இதுக்குக் காது மட்டும்தான், கண்ணு கெடையாது."

"நடுவுல செவுரு இருந்தா?"

"செவுரு பாதியைத் தின்னுரும். இது செவுருன்னு நெனைக்காது. தூரம்னு நெனச்சுக்கும். பக்கத்து ரூம்ல கதவைச் சாத்திட்டு ஆயா உங்களைக் கூப்பிட்டா, எங்கயோ இருந்து கூப்பிடற மாதிரி கேக்குமில்ல?"

"அவ கூப்பிட்டா எனக்கு எங்க இருந்தாலும் கேக்கும்."

"கேக்கும், ஆனா வர மாட்டாரு" என்றாள் சுபிக்ஷா அடுப்படியிலிருந்து.

"அப்ப இதைய நம்பித்தான் ஊட்டைப் புடுங்கறீங்களா?"

யாழ்மொழி முறுக்கை மென்றபடி கொஞ்சம் நெளிந்தாள். "செவுத்துக்கெல்லாம் கணக்குப் போட்டுத்தானுங்க வெச்சிருக்கறோம். ஒவ்வொரு ஊட்டுலயும் மூலைக்கு மூலை அளந்துதான் விட்டோம். என்ன ஒண்ணு, குடிவர்றதுக்கு முன்னாடி அளந்தது. காலி ஊட்டுல. அப்ப பீரோ கெடையாது, கட்டில் கெடையாது, நீங்களும் கெடையாது."

"ஆளில்லாத ஊட்டுல அளந்த கணக்குலயா ஆளு சேந்திருக்காங்களான்னு பாக்கறீங்க?"

"அதை நான் மேல சொன்னனுங்க தாத்தா. ஆளிருக்கற ஊட்டுல அளந்தா கணக்கு நிக்காதுன்னுட்டாங்க."

யாழ்மொழி வேலையில் இறங்கினாள். சுவரைத் தட்டிப் பார்த்தாள். பீரோவை நகர்த்தச் சொன்னாள். பீரோ நகர்ந்ததில் ஒரு யுகமாகக் காணாமல் போயிருந்த மூக்குக்கண்ணாடி கிடைத்தது. எண் மட்டும் அசையவில்லை. கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஆயா, அந்த வில்லை..." என்றாள்.

"கொடியிலதான் கண்ணு இருக்குது" என்றாள் சுபிக்ஷா, முந்தானையை ஒரு சுற்று இறுக்கிப் போர்த்திக்கொண்டு.

தாலிக்கொடியை வெளியே எடுத்துக் காட்டு என்று எந்தப் பொறியாளரால் கேட்க முடியும்? அந்த வார்த்தையை வாயிலிருந்து எடுக்கிற துணிச்சல் ஜனாதிபதிக்கே கிடையாது. யாழ்மொழி தலையை ஆட்டினாள். "சரிங்க ஆயா. ஒருக்கா அடுப்படியில இருந்து பால்கனிக்கு நடங்க. தாத்தா, நீங்க ஆடாம அசையாம உக்காருங்க."

சுபிக்ஷா நடந்தாள். போனாள், வந்தாள். எண் கற்சிலை மாதிரி நின்றது. யாழ்மொழி எண்ணைப் பார்த்தாள், சுபிக்ஷாவைப் பார்த்தாள், மிச்ச முறுக்கைப் பார்த்தாள். பிறகு பையைக் கட்டினாள்.

வழியனுப்ப வந்த பிரதாப்பிடம் லிஃப்ட் வாசலில் மெதுவாகச் சொன்னாள். "தாத்தா, ஆளு நடந்தா நம்பரும் நடக்கோணும். நீங்க நகந்தா மாறுது. ஆயா நகந்தா மாறல. வில்லை ஓரிடத்துல நிக்குது. நிக்கற சாமானுங்களுக்குள்ள தேடிப் பாருங்க."

சுபிக்ஷா கீரை வாங்கக் கீழே இறங்கியதும் பிரதாப் தேட ஆரம்பித்தார். மணிக்கட்டை முன்னால் நீட்டிக்கொண்டு, மோப்ப நாயைப் பிடித்து நடப்பவர் மாதிரி வீடு முழுக்க நடந்தார். படுக்கையறையில் எண் ஏறியது. கூடத்தில் இறங்கியது. அடுப்படிக்குள் வந்ததும் இன்னும் இறங்கியது. மளிகை அடுக்குக்குக் கீழே, ஆளுயரத்தில் பாதி இருக்கும் எவர்சில்வர் அரிசி டிரம் முன்னால் நின்றபோது பதினெட்டு. மூடியைத் தூக்கினார். ஒன்று.

ஒரு மீட்டர்! அவர் மனைவி அரிசிக்குள் இருந்தாள்.

முழங்கைவரை கையை விட்டுத் துழாவினார். கல்யாணத்துக்குப் போட்ட மோதிரம், வங்கி லாக்கர் சாவி, ஏதோ கோயில் வெள்ளிக்காசு எல்லாம் வரிசையாக வந்தன. கடைசியில் வில்லை வந்தது. வந்த சந்தோஷத்தில் எகிறிக் குதித்தார். கீழ்வீட்டுக்காரர்கள் நிலநடுக்கம் என்று பாதி மாடி இறங்கிவிட்டார்கள். எல்லாம் வெளிச்சமாகிவிட்டது. சுபிக்ஷா விலையுயர்ந்த எதையும் அரிசிக்குள்தான் வைப்பாள். குளிக்கும்போது வில்லையைக் கழற்றி, நனைந்துவிடக் கூடாதே என்று டிரம்முக்குள் போட்டிருப்பாள், மறந்திருப்பாள். எவர்சில்வர், அலையை எல்லாம் அமுக்கிவிட்டது. வெள்ளிக்கிழமை இதைக் காட்டினால் போதும். வீடு தப்பித்தது.

சுபிக்ஷா கீரையோடு உள்ளே வந்ததும் வில்லையைத் தூக்கிக் காட்டினார். "கண்டுபுடிச்சுட்டேன் சுபி! அரிசிக்குள்ள உளுந்து கெடக்குது! டிரம்முதான் தூரம் காட்டியிருக்குது. நீ மறந்து..."

"உளுகலீங்க" என்றாள் அவள். "வெச்சேன்."

"அதான், நனையுமேன்னு..."

"நனைஞ்சா ஒண்ணும் ஆகாதுன்னு கூட்டத்துலயே சொன்னாங்க. வேணும்னுதான் வெச்சேன். எந்தப் பாத்திரத்துல வெச்சா நம்பர் ஏறி நிக்குதுன்னு, உங்க கையை எட்டி எட்டிப் பாத்து ஒவ்வொண்ணா வெச்சுப் பாத்தேன். குக்கர்ல வெச்சேன், அதைத் தெனமும் அடுப்புல ஏத்தோணும். டிரம்முதான் சரியா வந்துது."

பிரதாப் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். "ஊடு போயிருமுன்னு தெரியுமா?"

"தெரியும்."

"என்னைய கெழக்க அனுப்பிருவாங்கன்னு?"

"தெரியும்ங்க."

அவள் கீரைக்கட்டை அவிழ்த்து மேசைமேல் பரப்பினாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டபடி பேசினாள்.

"பால்கனியில போய் சித்த நேரம் சும்மா நிக்கலாம்னு போவேன். ஒண்ணுமில்ல, சும்மா. நின்னு மூச்சு விடறதுக்குள்ள 'சுபி, எட்டுல என்ன பண்ணற?'ன்னு வரும். என்ன பண்ணறேன்னு சொல்றது? ஒண்ணும் பண்ணலைன்னா, 'பொறவு எதுக்கு அங்க?'ன்னு வரும். மாடிப்படியில பக்கத்து ஊட்டு தர்ஷனாகிட்ட ரெண்டு வார்த்தை பேசினா, 'பதினாறுல யாரு?'"

"அன்பாத்தான சுபி கேட்டேன்?"

"அன்பாத்தான் கேட்டீங்க. அதுதான் கஷ்டம். கோவமாக் கேட்டிருந்தா சண்டை போட்டு முடிச்சிருப்பேன். அன்பாக் கேக்கறவியகிட்ட என்னன்னு சண்டை போடறது?"

"என்னையப் புடிக்கலியா?"

"புடிக்காதவியளுக்கு முறுகலா மெத்துன்னான்னு கேட்டுக்கிட்டு இருப்பாங்களா?" அவள் முதன்முறையாக நிமிர்ந்தாள். "எனக்கு உங்களை விட்டுப் போகோணும்னு இல்லீங்க. அளக்காத எடம் ஒண்ணு வேணும். நான் எங்க இருக்கறேன்னு ஒருத்தருக்கும் தெரியாம சித்த நேரம் இருக்கோணும். அந்த ஒத்தை ரூமு எப்பிடி இருக்கும்னு ஆசையா இருந்துச்சு. சொன்னா நீங்க தாங்க மாட்டீங்க. அதான் மிஷின் சொல்லட்டும்னு விட்டேன்."

பிரதாப்புக்கு எல்லா வார்த்தையும் காதில் விழுந்தது. எதுவும் புரியவில்லை. போகவேண்டும் என்று இல்லை, ஆனால் ஒற்றை அறை வேண்டும். பிடிக்கும், ஆனால் தெரியக் கூடாது. இதை எந்த மீட்டரில் வைத்துப் பார்ப்பது? அவர் வில்லையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமைவரை இருவரும் கீரையைப் பற்றியும் மழையைப் பற்றியும் மட்டும் பேசினார்கள்.

விசாரணை அதிகாரியின் பெயர் அஸ்வந்த். தம்பதிகளின் ஆட்சேபணைகளைக் கேட்டுக் கேட்டே தலைமுடி கொட்டியவர். அவருக்கு முன்னால் அன்றைக்கு ஏற்கெனவே இரண்டு ஜோடி அழுதிருந்தது. ஒரு ஜோடி அவர் கண்ணெதிரிலேயே கட்டிப் பிடித்துக்கொண்டு, இப்போது அளந்து பார் என்று சவால் விட்டிருந்தது. மூலையில் யாழ்மொழி தன் கருவிகளோடு உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லுங்க சார். நோட்டீஸ் தேதி வரைக்கும் சராசரி முப்பதுக்கு மேல காட்டுது. பாட்டரி, செவுரு, பீரோ, எதைச் சொல்லப் போறீங்க?"

பிரதாப் எழுந்தார். சட்டைப் பைக்குள் வில்லை இருந்தது. எடுத்து மேசைமேல் வைத்து, அரிசி டிரம் என்று இரண்டு வார்த்தை சொன்னால் வீடு அவருடையது. மூன்றாவது மாடி, பால்கனி, தோசை, எல்லாம் அப்படியே இருக்கும். பக்கத்தில் சுபிக்ஷா மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். எடுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அவர் கை பைக்குள் போனது. போன கை அங்கேயே நின்றது. உத்தியோக காலம் முழுக்க, மீட்டர் தப்பு என்று நிரூபித்தவனுக்குச் சபாஷ் போட்டவர். இன்றைக்கு இந்த மீட்டர் தப்பு என்று அவருக்குச் சர்வ நிச்சயமாகத் தெரியும். ஆனால் தப்பாகச் சொல்லவில்லை என்றும் தெரிந்தது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும் என்றுதான் தெரியவில்லை.

"மிஷின் சரியாத்தானுங்க சொல்லுது" என்றார்.

அஸ்வந்த் நாற்காலியிலிருந்து விழப் பார்த்தார். அவருடைய சரித்திரத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. "ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்கறேன். நான் கெழக்க போயிக்கறேன்."

"தாத்தா, அந்த வில்லை..." என்று யாழ்மொழி எழுந்தாள்.

"காப்பி குடிச்சியா கண்ணு?" என்றார் பிரதாப் சத்தமாக. "போய்க் குடி, போ."

கிழக்குத் தொகுதியின் ஒற்றை அறையில் பிரதாப் முதல் வாரம் பட்ட பாடு ஊருக்கே தெரியும். அவர் வார்த்த முதல் தோசையைப் பார்க்க ஆறு மாடியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அது கல்லோடு ஒட்டிக்கொண்டு, கல்லைப் பெயர்த்துக்கொண்டுதான் வந்தது. பிரிந்தவர்கள் கள்ளத்தனமாகச் சேர்ந்து வாழ்ந்து இரண்டு அறையை வீணாக்கிவிடக் கூடாது என்று, தூரக்காட்டியையும் வில்லையையும் நிர்வாகம் கழற்ற விடவில்லை. பிரதாப் மட்டும் அதை எண் உள்பக்கமாக இருக்கும்படித் திருப்பிக் கட்டிக்கொண்டார். அவர் திருப்பிக் கொடுத்த வில்லையை சுபிக்ஷா நிஜமாகவே கொடியில் கோத்துக்கொண்டாள். அவள் எங்கே நிற்கிறாள் என்று கேட்க இப்போது யாரும் இல்லை.

இரண்டு தொகுதிகளையும் இணைத்துக் கூரை போட்ட நடைவழி ஒன்று உண்டு. ஒரு மாலை சுபிக்ஷா அங்கே ரசப் பாத்திரத்தோடு வந்து நின்றாள். கொடுத்துவிட்டுப் போய்விடுவாள் என்றுதான் அவர் நினைத்தார். அவள் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"காத்தால இருந்து என்ன பண்ணுனீங்க?"

பிரதாப் திகைத்தார். அவள் இப்படிக் கேட்டதே இல்லை. கேட்கும் தேவை வந்ததில்லை. அவர் என்ன செய்தார் என்பது வீட்டுக்கே தெரியும். அவர் தோசைக் கதையைச் சொன்னார். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு அவர் ஜாக்கிரதையாக, "நீ?" என்றார்.

"சும்மா உக்காந்திருந்தேன்" என்றாள் அவள், ஏதோ தங்கப் பதக்கம் வாங்கியவளைப் போல. "பொறவு அதைப் பத்தி உங்ககிட்டச் சொல்லலாம்னு வந்தேன்."

அன்றிலிருந்து தினமும் வந்தாள். பெஞ்சுகள் எதிரெதிரே. பேச்சு நீண்டது. ரசம் ஆறியது. ஒரு குடும்பத்தில் ஆயுளுக்கும் பேசவேண்டிய பேச்சை இருவரும் அந்த நடைவழியில் பேசினார்கள். அடுத்த பெஞ்சுகளில் இருந்தவர்கள் பொறாமையில் எழுந்து போனார்கள்.

அப்போதுதான் இரண்டாவது நோட்டீஸ் வந்தது.

'தாங்கள் இருவரும் பிரிந்து வாழவில்லை என்று கருத இடமிருக்கிறது. தினமும் நெடுநேரம் ஒன்றரை மீட்டருக்குள் காணப்படுகிறீர்கள். ஒற்றை அறைகள் இரண்டையும் காலி செய்து, ஒரே வீட்டுக்குத் திரும்பும்படிக் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். மறுத்தால் நடைவழியில் சந்திக்கத் தடை விதிக்கப்படும்.'

பிரதாப் அதை நாலு தடவை படித்தார். வீடு திரும்பக் கிடைக்கிறது. குதிக்க வேண்டும் என்று தோன்றியது, கால் எழவில்லை. மாலையில் நோட்டீஸை அவளிடம் நீட்டினார்.

படித்துவிட்டு சுபிக்ஷா அதை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். "உங்களுக்கு என்ன வேணும்?"

"எனக்கு உன்றகூட இருக்கோணும். உனக்குத் தனியா இருக்கோணும். ரெண்டையும் சேத்து இந்த மிஷினுக்கு எப்பிடிச் சொல்றதுன்னுதான் எனக்குத் தெரியல."

நடைவழியில் கருவிப் பையோடு போய்க்கொண்டிருந்த யாழ்மொழியை அவர் கை தட்டிக் கூப்பிட்டார். நோட்டீஸைக் காட்டினார். அவள் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

"எதிரும் புதிருமா உக்காந்து பேசினா இப்படித்தானுங்க தாத்தா காட்டும். வில்லைக்கும் கைக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லியே."

"நடுவுல என்னத்த வைக்கறது? டிரம்மைத் தூக்கிட்டு வர முடியாது."

"டிரம்மு எதுக்கு?" அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இந்த அலைக்கு மனுச ஒடம்பே ஆகாது. ஒடம்புங்கறது பாதிக்கு மேல தண்ணி. செவுத்தைவிட மோசமாத் திங்கும். வில்லை ஆயா நெஞ்சுல இருக்குது. உங்க கை உங்க மடியில இருக்கட்டும். நடுவுல ரெண்டு ஒடம்பு வந்துட்டா..." அவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். "நான் ஒண்ணும் சொல்லலீங்க. நான் இந்தப் பக்கமே வரலை." போய்விட்டாள்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் எழுந்தது சுபிக்ஷாதான். அவர் பெஞ்சுக்கு வந்து, மறுபக்கம் பார்த்து உட்கார்ந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, அவர் முதுகோடு முதுகு சேர்த்துச் சாய்ந்தாள். அவளுடைய சூடு சட்டையைத் தாண்டி வந்தது. அவள் பேசியபோது சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் எலும்புக்கு வந்தது.

"இப்ப என்ன காட்டுது? பாருங்க."

பிரதாப் மடியில் வைத்தபடியே மணிக்கட்டைத் திருப்பினார். எண் ஏறிக்கொண்டிருந்தது. பத்தைத் தாண்டியது, பதினைந்தைத் தாண்டியது. அவருக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரித்ததில் அவளும் குலுங்கினாள்.

"பல்லடம் தாண்டிட்ட சுபி."

"அப்பிடியே காங்கேயம்வரைக்கும் போயிட்டு வர்றேன். நல்லாச் சாஞ்சுக்குங்க, கூன் உளுகுது."